ரஜீவனுக்கு ஒருவரும் ஊற்றவில்லை

கோல்டிங்கில் உள்ள யன்னல் தொழிற்சாலையில் சேர்ந்து நான்காவது மாதம் ரஜீவனுக்கு வேலையிடத்து நத்தார் விருந்துக்கு அழைப்பு வந்தது. டென்மார்க்குக்கு வந்த நாளிலிருந்து அவனை ஒருவரும் வெளியே கூப்பிட்டதில்லை. அன்றுதான் மனம் கொஞ்சம் ஆறியது.

அதற்கு முன் ஆறு வருடம் அவன் தென்கொரியாவில், அன்சான் நகரத்து இரும்பு ஆலையொன்றில் இருந்தான். வெள்ளிக்கிழமை வேலை முடிந்தால் மேற்பார்வையாளர் சோய் தோளில் கைபோட்டு இழுத்துக்கொண்டு போய்விடுவார். இறைச்சி சுடும் கடையில் தொடங்கி, அடுத்த கடையில் கோழிப் பொரியல், கடைசியில் மணிக்கணக்குக்கு வாடகைக்கு விடும், பாட்டுப் பாடும் அறை. மட்டக்களப்பிலிருந்து போன புதிதில் அவன் கற்றுக்கொண்டது அங்கத்தைய குடி மரியாதையைத்தான். தன் கிளாசில் தானே ஊற்றக் கூடாது. அடுத்தவருக்கு இரண்டு கையாலும் ஊற்ற வேண்டும். நம்முடையது காலியானால் அடுத்தவர் பார்த்து நிரப்புவார்.

பிறகு விஜிதாவைக் கல்யாணம் செய்து கோல்டிங்குக்கு வந்தான். அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள்.

விருந்து பின்னேரம் ஐந்து மணிக்கே தொடங்கிவிட்டது. நீள மேசை நிறைய ஊறவைத்த மீனும் இறைச்சியும் ஸ்னாப்ஸ் என்ற சாராயப் போத்தல்களும். ரஜீவன் எழுந்து ஃபோர்மன் பிரெபனுக்கு இரண்டு கையாலும் ஊற்றினான். பக்கத்தில் இருந்த எமிலியாவுக்கும் ஊற்றினான். எமிலியா அவனோடு கண்ணாடி வெட்டுபவள். கிளாஸ் காலியாகக் காலியாக இருவருக்கும் விடாமல் நிரப்பினான். அவனுடைய கிளாஸ் மட்டும் அப்படியே காய்ந்து கிடந்தது. எல்லோரும் 'ஸ்கோல்' என்று கிளாசைத் தூக்கியபோது அவனும் வெறுங் கிளாசைத் தூக்கினான். பிரெபன் வந்து அவனைக் கட்டிப்பிடித்து, நீ நல்ல மனிதன் என்று இரண்டு தரம் சொன்னார். ஆனால் ஊற்றவில்லை.

எட்டு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டான்.

"என்ன, இவ்வளவு கெதியா வந்திட்டீங்க? குடிக்கேல்லையா?" என்றாள் விஜிதா.

"ஒருத்தரும் ஊத்தேல்ல."

"போத்தல் எங்க இருந்தது?"

"எனக்கு முன்னாலதான்."

"அப்ப ஊத்திக் குடிக்கிறதுதானே."

"எனக்கு நானே எப்பிடி ஊத்துறது?"

விஜிதா அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள். அவனுக்கோ படுத்தும் நித்திரை வரவில்லை. போன கிழமை தன் கையால் உடைந்த யன்னல் இரட்டைக் கண்ணாடிக்காகக் கோபமாக இருக்கிறார்களா? அப்படியென்றால் கட்டிப்பிடித்தது எதற்கு?

திங்கட்கிழமை பிரெபன் தலையை அசைத்தும் அசைக்காமலும் கடந்து போனார். தேநீர் இடைவேளையில், தனக்கு ஏன் ஒருவரும் ஊற்றவில்லை என்று தெரிந்த அரைகுறை டெனிஷில் ரஜீவன் எமிலியாவிடம் கேட்டேவிட்டான்.

"நீ உனக்கு ஊற்றிக்கொள்ளவே இல்லை. குடிப் பழக்கம் இல்லை என்று நினைத்தோம். வற்புறுத்துவது சரியில்லையே" என்றாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு மூன்று மாதம். இங்கே ஒருவருக்கும் தெரியாது. நீ ஊற்ற ஊற்ற எல்லாவற்றையும் பூச்சாடிக்குள்தான் விட்டேன்."

ரஜீவன் தலையில் கைவைத்தான். "வேண்டாம் எண்டு சொல்லியிருக்கலாமே."

"நீ கேட்கவே இல்லையே."

"பிரெபனுக்கு என்னில கோபமா?"

"கோபமா? மனைவி வந்து தூக்காத குறையாகக் கூட்டிப்போனாள். உன்னைப் பார்க்க வெட்கப்படுகிறார்."

"குடிச்சதுக்கா?"

"கட்டிப்பிடித்ததற்கு" என்றாள் எமிலியா.

அன்சானில் கட்டிப்பிடித்து அழுதவர்கள் எத்தனை பேர். அதற்கு யாரும் வெட்கப்பட்டதாக அவனுக்கு நினைவில்லை.

வியாழக்கிழமை பிரெபன் தானாகவே அவனிடம் வந்தார். கைத்தொலைபேசி நாட்காட்டியை நெடுநேரம் தட்டிப் பார்த்துவிட்டு, "மனைவியோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வா. பெப்ரவரி இருபத்தொன்று, சனிக்கிழமை, சரியா?" என்றார்.

அப்போது டிசம்பர் பாதிதான் போயிருந்தது. இது கூப்பிடுவதா, நாசூக்காகத் தட்டிக்கழிப்பதா என்று புரியாமல் ரஜீவன் சரி என்றான்.

விஜிதா கேட்டதும் பூரித்துப்போனாள். "வீட்டுக்கே கூப்பிட்டிருக்கினம். அம்மா ஆக்களுக்கு உப்பிடி ஒரு அழைப்பு வர எட்டு வருசம் போச்சுது."

"இன்னும் ரெண்டு மாதம் கிடக்கு. அதுக்கிடையில மனம் மாறினா?"

"மாறாது. இங்க எல்லாரும் முந்தியே நாள் குறிக்கிறவை. திகதி சொன்னாச் சொன்னதுதான்." அவள் குசினிக் காலண்டரில் அந்த நாளைச் சுற்றி வட்டம் போட்டாள்.

ரஜீவன் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். சந்தோஷப்படுவது இன்றைக்கா, பெப்ரவரியிலா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.