இருபுறமும் பள்ளம்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மலையுச்சிக்குப் போய்விட்டு வந்த நாளிலிருந்து அவருக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் ஆயிரம் அடிப் பள்ளம் இருந்தது. முதலில் கவனித்தவர் பேருந்து நடத்துனர். டிக்கெட் கிழித்துக் கொடுக்கக் குனிந்தவர், காலடியில் வெகு ஆழத்தில் பறந்துகொண்டிருந்த பருந்தின் முதுகைப் பார்த்தார். சத்தம் காட்டாமல் பின்வாங்கினார். அன்று அவரிடம் காசே வாங்கவில்லை. பள்ளத்தை ஊர் உடனே நம்பிவிட்டது. நடத்துனர் காசு வாங்காமல் விட்டதைத்தான் இன்றுவரை பலர் நம்பவில்லை.

அன்று கடைக்காரருக்கும் மனைவிக்கும் கல்யாண நாள். உச்சிவரை சேர்ந்து போவதாகத்தான் பேச்சு. மனைவிக்கோ பல்பு மாற்ற முக்காலியில் ஏறினாலே கண்ணைக் கட்டும். பாதை முடிந்து, கையை ஊன்றிப் பாறையில் தொற்ற வேண்டிய இடம் வந்ததும் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கேயே இருக்கேன்" என்றாள். அவர் வெடிப்புகளில் விரலைச் செருகி, ஆடும் கல்லைத் தட்டிப் பார்த்து, ஒரு கையும் இரண்டு காலும் நன்றாகப் பிடித்த பிறகே மறுகையை எடுத்து, மெல்ல மெல்ல ஏறினார். கடைசி முகடு ஒரு முழ அகலம். மதில்மேல் உட்காருவதுபோல் இருபக்கமும் காலைத் தொங்கவிட்டு, உட்கார்ந்தபடியே நகர்ந்து போனார். உச்சியில் ஓர் ஆளுக்குத்தான் இடம். கீழே மனைவி ஒரு பொட்டாகத் தெரிந்தாள். கையை ஆட்டினார். அவள் செருப்புக்குள் போன கல்லை உதறிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. திரும்பும்போது ஒற்றையடிப் பாதையில் அவள் முன்னால் நடந்தாள், பேருந்திலும் அவளுக்கு முன்பக்கம் இடம் கிடைத்தது. ஆகவே வீட்டு வாசலில் சாவியை நீட்டியபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. சாவி விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கவே இல்லை.

அதன்பின் அவரை நெருங்க இரண்டே வழி, நேர் முன்னால் அல்லது நேர் பின்னால். அதுவும் ஒரு முழ அகலப் பாறைமேல். அவர் திரும்பினால் பாறையும் கூடவே திரும்பும். கண்ணாடியை மூக்கில் வைத்து, காதோரக் கம்பியை வளைத்துச் சரிசெய்ய எதிராளியின் முகத்துக்கு ஒரு சாண் அருகில் போயாக வேண்டும். அந்தத் தொழிலில் இருப்பவருக்கு இப்படி ஆனால் என்ன செய்வது? கண்ணாடியை நீளமான கழியின் நுனியில் மாட்டி நீட்டினார். அவரவரே மாட்டிக்கொண்டார்கள். அந்த வருடங்களில் எடுத்த புகைப்படங்களில் எங்கள் ஊரில் ஒருவருக்குக்கூடக் கண்ணாடி நேராக இருக்காது. வைத்தியரை அழைத்து வந்தார்கள். அவர் கதவுக்கு வெளியிலிருந்தே நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "உடம்புல ஒண்ணும் இல்ல, உடம்புக்குப் பக்கத்துலதான்" என்று சொல்லிக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு போனார்.

போகப் போக ஆட்கள் வருவது நின்றது. யாருக்கும் பகையில்லை, பயம்தான். ஆனால் பயம் என்று ஒப்புக்கொள்ள மனிதனுக்கு வாய் வருமா? உச்சிக்குப் போய் வந்ததும் தலைக்கனம் ஏறிவிட்டது என்றார்கள். அவர் கூடத்தில் ஜன்னலை ஒட்டிப் போட்ட பெஞ்சில் இருபக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்து, கம்பியைப் பிடித்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். இடுப்பைத் துண்டால் கம்பியோடு கட்டிக்கொண்டு அப்படியே தூங்குவார். "ராஜா மாதிரி உட்கார்ந்து ஊரை வேடிக்கை பார்க்கறாரு பாரு" என்று தெருவில் போகிறவர்கள் சொன்னார்கள். மனைவியும் ஏறக்குறைய அதைத்தான் நம்பினாள். துடைப்பக் கழியால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளும்போது அவர் திரும்பி ஒரு சிரிப்புச் சிரிப்பார். அவருக்குப் பழகிப் போயிற்று, தனக்குத்தான் தாங்க முடியவில்லை என்று உள்ளறையில் படுத்து அழுவாள். நான்கு வருடம் அவர்கள் ஒருவரை ஒருவர் தொடவில்லை.

நான்காம் வருட மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. தள்ளிய தட்டு அப்படியே இருந்தது. துண்டு முடிச்சு அவிழ்ந்து தொங்கியது, மறுபடி கட்ட அவருக்குக் கையில் வலு இல்லை. தலை ஒருபக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் சொந்தக் கூடத்திலேயே ஆள் அதலபாதாளத்துக்குப் போய்விடுவார். மனைவி தன் அண்ணனுக்குப் போன் செய்தாள். அவர் கொடிக்கயிற்றோடு வந்தார்.

"நீங்க போறீங்களாண்ணே?"

"எனக்குச் சர்க்கரை இருக்கும்மா" என்றார் அண்ணன்.

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கயிற்றின் ஒரு முனை அவள் இடுப்பில், மறுமுனை நிலைப்படியில் காலை உதைத்து உட்கார்ந்த அண்ணன் கையில். கூடத்து ஃபிரிட்ஜைத் தாண்டியதும் தரை பாறையானது. கீழிருந்து குளிர்காற்று முகத்தில் அடித்தது. அவள் பாறையோடு வயிற்றை ஒட்டிப் படுத்து, "ஐயோ, ஐயோ" என்று வாய்விட்டு அலறினாள். அலறிக்கொண்டே நகர்ந்தாள். நடுவில் ஒரு கல் பெயர்ந்து போனது. "வந்துடு, இழுத்துடறேன்" என்று அண்ணன் கத்தினார். "இழுத்தீங்கன்னா கொன்னுடுவேன்" என்றாள். ஒரு கையும் இரண்டு காலும் பிடித்த பிறகே மறுகையை எடுத்தாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை, பயமே சொல்லித் தந்தது.

பின்னாலிருந்து அவர் முதுகில் முகத்தைப் பதித்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். உடம்பு அனலாகக் கொதித்தது. கம்பியைப் பிடித்திருந்த கையை எடுக்கப் பார்த்தாள், வரவில்லை. விரல் முட்டியெல்லாம் காய்ப்புக் காய்த்து வெளுத்திருந்தது.

"பயமா இருக்குங்களா?"

"முதல் நாள்லேருந்து" என்றார் அவர்.

"அப்புறம் ஏன் சிரிச்சீங்க?"

"இல்லன்னா நீ இங்க வந்திருப்பே. விழுந்துட்டா?"

அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. நான்கு வருடத்துக் கோபம். முதுகில் ஒரு அடி வைக்கலாமென்றால் ஆள் விழுந்துவிடுவார். "கையை விடுங்க, நான் பிடிச்சிருக்கேன்" என்றாள். அவர் விரல் விரலாக விட்டார். அவள்மேல் சாய்ந்து, நான்கு வருடமாகத் தூங்காத தூக்கத்தைத் தூங்கினார்.

காய்ச்சல் விட்டதும், "போதும், வந்துடும்மா" என்று அண்ணன் கயிற்றை ஆட்டினார். அவள் முடிச்சை அவிழ்த்துக் கயிற்றை அண்ணன் பக்கமே எறிந்துவிட்டாள். அதன்பின் அவளுக்கும் இருபுறமும் பள்ளம்தான். கடைத்தெருவில் அவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தால் ஆட்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். காய்கறிக்காரர் பையைக் கொக்கியில் மாட்டி நீட்டுவார், நழுவி விழுந்தால் அது அவர்கள் கணக்கு. இருவருக்கும் முகம் பார்த்துப் பேச வழியில்லை, அவள் அவர் தோளுக்குப் பின்னாலிருந்துதான் பேசுவாள். எந்தப் பக்கம் ஆழம் அதிகம் என்பதில் தினமும் சண்டை. இடப்பக்கம் என்பார் அவர். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, வலப்பக்கம்தான் என்று அடித்துச் சொல்வாள்.