காணாமல் போன பத்து சென்டிமீட்டர்

வீட்டில் அக்கா, பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை மேடம். ஒரே ஆள்தான். ஆனால் காலை எட்டரை மணிக்குப் பள்ளியின் வாசற்படி ஏறியதும் ஆள் மாறிவிடுவாள். அரை மணி நேரத்துக்கு முன்னால் "இன்னொரு வாய் சாப்பிடுடி" என்று கெஞ்சியவள், அங்கே "உட்காருங்க" என்றுகூடச் சொல்ல மாட்டாள். மூன்றாம் வகுப்பு டீச்சர் அவளுடைய கூடப்பிறந்த தங்கை என்பதால் சலுகை எதுவும் கிடையாது. சொல்லப்போனால் மற்றவர்களுக்கு விழும் திட்டைவிட இவளுக்கு ஒரு கரண்டி கூடுதலாகத்தான் விழும்.

"வியாழக்கிழமைதோறும் பிள்ளைங்களை வெளியே கூட்டிட்டுப் போகணும்னு எழுதியிருக்கீங்க. போய்?"

"கணக்கு நடத்தணும், மேடம்."

"அதுக்குத்தானே சுவத்துல ஒரு போர்டை மாட்டி வெச்சிருக்கு?"

"போர்டுல எழுதின மீட்டரைத் தொட்டுப் பார்க்க முடியாதே, அக்... மேடம்."

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு சுற்றுலாவில் ஒரு பையன் அரை மணி நேரம் காணாமல் போய், ஒரு மிட்டாய்க் கடை வாசலில் கிடைத்தான். அந்த அரை மணி நேரம் வயிற்றில் கட்டிய நெருப்பை அவள் இன்னும் இறக்கி வைக்கவில்லை. தங்கைக்கும் அது தெரியும். அதனால்தான் போன வருடம் முழுக்க வாய் திறக்காமல் இருந்தாள்.

"ஒரே ஒரு வியாழக்கிழமை" என்றாள் அக்கா. "பக்கத்துத் தெரு தச்சுப் பட்டறைக்கு. உங்க வகுப்புக்குப் புது பெஞ்ச் செய்யணும், இல்லையா? பிள்ளைங்க அளவு எடுக்கட்டும். அவங்க குடுக்கிற அளவுல முதல்ல ஒரு பெஞ்ச் வரட்டும். நானே உட்கார்ந்து பார்ப்பேன். சரியா இருந்தா மேற்கொண்டு பேசலாம். இல்லேன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. வீட்லயும் சேர்த்துத்தான்."

பட்டறைக்காரன் வேறு யாருமில்லை, அக்காவின் கொழுந்தன்தான். காதில் எப்போதும் ஒரு பென்சில், தலைமுடியில் எப்போதும் கொஞ்சம் மரத்தூள். டீச்சர் வருகிறாள் என்று தெரிந்தால் மட்டும் தூளைத் தட்டிவிட்டுக்கொள்வான். அதை யாரும் கவனிக்கவில்லை என்பது அவனுடைய நம்பிக்கை. டீச்சர் கவனித்திருந்தாள். ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை காலை இருபத்திரண்டு பிள்ளைகளும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் ஓட்டியபடி பட்டறைக்குள் நுழைந்தார்கள். இயந்திரங்களையெல்லாம் பட்டறைக்காரன் நிறுத்தி, மின்சாரத்தையும் அணைத்து வைத்திருந்தான். இழைப்புச் சுருள்கள் தரையெங்கும் சுருண்டு கிடந்தன. பச்சை மரத்தின் வாசனையும் பசையின் வாசனையும் கலந்து அடித்தன.

"எதைத் தொட்டாலும் கேட்டுட்டுத் தொடணும்" என்றான் அவன்.

"உங்க பென்சிலைத் தொடலாமா, மாமா?" என்றான் ஒட்டகம். வகுப்பிலேயே உயரமான பையன். பெயர் வைத்தது வகுப்பு. அவனுக்கும் அதில் பெருமைதான்.

"அதைத் தவிர."

வேலை எளிது. ஒவ்வொருவரும் ஸ்டூலில் உட்கார வேண்டும். தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை எவ்வளவு என்று அளக்க வேண்டும். பாதம் தரையில் பதிய உட்கார வேண்டுமானால் பெஞ்ச் அந்த உயரத்தில் இருக்க வேண்டும். பட்டறை டேப்பின் கீழ்முனையைத் தரையோடு பிடித்துக்கொள்ளப் பட்டாணியை உட்கார வைத்தார்கள். வகுப்பிலேயே குட்டையான பெண் அவள். தரைக்குக் கிட்டத்தில் இருப்பவள் என்று ஒட்டகம் சொன்ன காரணத்தை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்தால் அவள் கால்கள் நாள் முழுக்க ஊஞ்சலாடும். கேள்வி கேட்டால் தன் ஷூவைப் பார்ப்பாள். கழித்தல் கணக்குப் பரீட்சையில் பத்துக்கு இரண்டு வாங்கியவள். அந்தத் தாள், அடியில் 'பெற்றோரை வரச் சொல்லவும்' என்று மேடத்தின் கையெழுத்தோடு வீட்டுக்குப் போயிருந்தது.

நாலு பேரை அளந்து முடித்திருப்பார்கள். ஒட்டகத்துக்கு ஐம்பது என்று வந்திருந்தது.

"மிஸ்" என்று கீழேயிருந்து ஒரு குரல்.

டீச்சர் குனிந்து பார்த்தாள். ஷூவைப் பார்க்காமல் நேராகத் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள் பட்டாணி.

"மிஸ், இது சைபர்ல ஆரம்பிக்கலை. பத்துல ஆரம்பிக்குது."

பார்த்தால், ஆமாம். டேப்பின் முனை எந்தக் காலத்திலோ ரம்பத்தில் மாட்டி அறுந்து போயிருந்தது. முதல் பத்து சென்டிமீட்டரைக் காணோம்.

"அப்போ என்ன செய்யலாம்?" டீச்சர் வேண்டுமென்றே கேட்டாள்.

"வர்றதுல பத்தை எடுத்துடணும். அந்தப் பத்துதான் இங்க இல்லவே இல்லையே."

பரீட்சைத் தாளில் எட்டு மதிப்பெண்ணைத் தொலைத்த பெண், இருபத்திரண்டு பேருக்கும் பத்துப் பத்தாகக் கழித்துக்கொடுத்தாள். ஐம்பது நாற்பதானது. அவளுடைய சொந்தக் கால் முப்பது. எல்லோரையும் உயர வரிசையில் நிற்க வைத்தபோது நடுவில் நின்ற பெண்ணுக்கு முப்பத்துநாலு.

"அப்போ முப்பத்துநாலே வெச்சுக்கலாம்" என்றது ஒரு கூட்டம்.

"அப்பவும் என் கால் தொங்குமே" என்றாள் பட்டாணி.

ஒட்டகம் யோசித்தான். "எனக்கு உயரம் பத்தலேன்னா காலை முன்னாடி நீட்டிக்குவேன். இவளுக்குக் கால் எட்டலேன்னா அதை எங்கேர்ந்து நீட்டுவா? இன்னும் கொஞ்சம் இறக்குங்கப்பா."

பேரம் பேசி முப்பத்திரண்டில் நின்றது. டீச்சர் ஒரு துண்டுச் சீட்டில் 'உயரம் 32' என்று எழுதிப் பட்டறைக்காரனிடம் நீட்டினாள். இத்தனை நேரமும் அவன் பட்டறையின் மறுகோடியில், பசை டப்பாவில் இரண்டு கைகளையும் விட்டுவிட்ட ஒருவனைக் கழுவிக்கொண்டிருந்தான். சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"வேற ஏதாவது சொல்லணுமா, டீச்சர்?"

சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. ஆனால் அவன் தலையில் இன்று ஒரு தூள்கூட இல்லை என்பது அந்த நேரம் பார்த்துத்தானா அவள் கண்ணில் பட வேண்டும்?

"இல்ல, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை பட்டறைக்காரனோடு பெஞ்ச் வந்தது. பளபளவென்று இழைத்து, முனைகளையெல்லாம் உருட்டி, தொட்டால் வழுக்குகிற பெஞ்ச். வகுப்பே கை தட்டியது. மேடம் வந்தாள். புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பதைவிட இறங்கினாள் என்பதுதான் சரி. போய்க்கொண்டே இருந்தாள். கடைசியில் முழங்கால் மோவாயைத் தொடாத குறையாக நின்றாள்.

"தம்பி" என்றாள் கொழுந்தனைப் பார்த்து. "இது பெஞ்சா, கால்மிதியா?"

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டாள். எழுந்து நின்ற அக்காவின் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. பரிதாபம் தெரிந்தது.

"சரி, பார்த்தாச்சு" என்றாள் மெதுவாக. "புத்தகத்தை எடுக்கச் சொல்லுங்க."

முடிந்தது கதை என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள். ஒரு வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஆசை. அக்கா ஒரு பெஞ்சில் உட்கார்ந்ததில் நசுங்கிப் போயிற்று. ஆனால் புத்தகத்தை யாரும் எடுக்கவில்லை. ஒட்டகம் வகுப்பிலிருந்த மர ஸ்கேலோடு தரையில் மண்டி போட்டிருந்தான்.

"இருபத்திரண்டு! நாம முப்பத்திரண்டுதானே குடுத்தோம்?"

"நோட்டுல பாருடா!"

"முப்பத்திரண்டுதான் இருக்கு! பத்தைக் காணோம், மேடம்!"

"பத்து" என்றதும் மூன்றாவது வரிசையில் ஊஞ்சலாடிக்கொண்டிருந்த இரண்டு கால்கள் நின்றன. பட்டாணி பெஞ்சிலிருந்து குதித்து இறங்கினாள். ஷூவைப் பார்த்தாள். பிறகு நேராகப் பட்டறைக்காரனிடம் நடந்தாள்.

"மாமா, நீங்களும் கழிச்சீங்களா?"

அவன் கை தானாகக் காதுப் பென்சிலுக்குப் போனது. முகம் சிவந்தது. "கழிச்சேன்" என்றான். "என் டேப்புல எது வந்தாலும் பத்தைக் கழிச்சுட்டுத்தான் மரத்தை அறுப்பேன். கை பழகிடுச்சு. கம்மியா இருக்கேன்னு தோணுச்சு... சின்னப் பிள்ளைங்கதானேன்னு விட்டுட்டேன்."

"நாங்க ஏற்கெனவே கழிச்சுட்டோமே!"

மேடத்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பட்டாணியே விளக்கினாள். அவன் பையிலிருந்த டேப்பை வாங்கி, அறுந்த முனையைக் காட்டி, மேடத்தையே நாற்காலியில் உட்கார வைத்து, காலை அளந்து, ஐம்பத்திரண்டு என்று படித்து, "ஆனா நீங்க நாற்பத்திரண்டு, மேடம். இன்னொரு தடவை கழிச்சா முப்பத்திரண்டு ஆயிடுவீங்க. அப்போ ஒட்டகத்தைவிடக் குட்டை" என்று முடித்தாள். மூச்சு விடாமல் அவள் இவ்வளவு பேசி அந்த வகுப்பு கேட்டதில்லை.

"நீ... கழித்தல்ல ரெண்டு வாங்கினவதானே?" என்றாள் மேடம்.

"ஆமா, மேடம். அதுல எதைக் கழிக்கிறோம்னு சொல்லலை."

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அழுக்கு எதுவும் இல்லை.

"நான்தான் அவர்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றாள் டீச்சர்.

"நான்தான் கேட்டிருக்கணும், அண்ணி" என்றான் அவன், அதே நொடியில்.

மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பேச வேண்டிய நேரத்துல பேசாதீங்க. மத்த நேரத்துல போன் சூடாகிற வரைக்கும் பேசுங்க" என்றாள். அது அக்காவின் குரல். வாசற்படிக்கு உள்ளே அந்தக் குரலைத் தங்கை கேட்பது அதுதான் முதல் தடவை. பட்டறைக்காரன் ஜன்னல் வழியாக எதையோ தீவிரமாகப் பார்க்கத் தொடங்கினான்.

பெஞ்சை என்ன செய்வது? மழலை வகுப்பிலிருந்து நாலு பொடிசுகளைக் கூட்டி வந்து உட்கார வைத்தது ஒட்டகத்தின் யோசனை. எட்டுப் பாதங்களும் தரையில் பச்சக்கென்று பதிந்தன. எழுந்திருக்க மாட்டோம் என்று அடம் பிடித்தார்கள். பெஞ்சோடு அவர்களைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

இனி இந்தக் குழப்பம் வரக் கூடாது என்று மூன்றாம் வகுப்பு ஒரு சட்டம் போட்டது. பட்டறைக்குப் போகும் எந்தச் சீட்டிலும் எண்ணுக்குப் பக்கத்தில் 'கழிச்சாச்சு' என்று எழுத வேண்டும். எழுதாத சீட்டை மாமா வாங்கவே கூடாது. அவன் காதுப் பென்சிலை எடுத்து முதல் சீட்டை அவளே எழுதட்டும் என்று பட்டாணியிடம் கொடுத்தான். ஒட்டகத்துக்குப் பொறாமையில் முகம் தொங்கிப் போயிற்று.

மறுநாள் காலை டீச்சரின் மேஜையில் அவளுடைய பழைய விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. 'மாதம் நான்கு வியாழக்கிழமைகள்' என்று அவள் கேட்டிருந்த இடத்தில் நான்கை அடித்துவிட்டு மூன்று என்று எழுதியிருந்தது. கீழே தலைமையாசிரியையின் கையெழுத்து. பக்கத்தில், இன்னும் குறைப்பாளோ என்று தங்கை பயப்பட வேண்டாம் என்பதற்காகவோ, நாலே வேண்டும் என்று வீட்டில் வந்து மல்லுக்கு நிற்க வேண்டாம் என்பதற்காகவோ, மணிமணியான எழுத்தில் ஒரே ஒரு சொல்:

'கழிச்சாச்சு.'