டிஷ்ஷுக்கு அடித்த சில்வர் பெயிண்ட்

என் வீட்டுக்காரர் அர்த்தநாரிக்கு ரிக் வண்டிதான் உலகம். ஊர் ஊராகப் போய் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் வண்டி அது. வருஷா வருஷம் எஃப்.சி. சோதனைக்குக் கொண்டு போகுமுன் அதற்கு உச்சி முதல் சக்கரம் வரை பெயிண்ட் அடித்துவிடுவார். மேலே பளபளத்தால் ஆபீசர் உள்ளே குடைய மாட்டாராம். அந்தப் புத்தி வண்டியோடு நின்றிருந்தால் எனக்கு இந்த வயிற்றெரிச்சல் வந்திருக்காது.

எண்பத்தேழில் எங்கள் ஒரே மகள் தமயந்தி கல்லூரி என்.சி.சி.யில் தேர்வாகி, டெல்லி குடியரசு தின அணிவகுப்புக்குப் போனாள். முன்வரிசையில் மூன்றாவது ஆளாக நடப்பேன், டிவியில் கட்டாயம் பாருங்கள் என்று கடிதம் போட்டிருந்தாள். சேலத்து டவரின் படம் எங்கள் ஊருக்கு எட்டாது. அதற்காகவே மொட்டைமாடியில் பெரிய பிளாஸ்டிக் டிஷ் ஒன்றை மாட்டினோம். படம் கண்ணாடி போலத் தெரிந்தது.

மாட்டிக் கொடுத்த மெக்கானிக் குழந்தைவேல் போகும்போது என்னிடம் படித்துப் படித்துச் சொன்னார். பெயிண்ட் அடித்தே ஆகவேண்டுமென்றால் மங்கலான வெள்ளையை மெல்லிசாக அடிக்கலாம். சில்வர் மட்டும் கூடாது, அதில் உலோகத்தூள் இருக்கிறது, சிக்னலைக் கெடுத்துவிடும். நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும், சிக்னல் உள்ளே போகிற பிளாஸ்டிக் மூடியின் பக்கமே பிரஷ் போகக்கூடாது. இதை நான் வீட்டுக்காரரிடம் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். கேட்டுத் தலையும் ஆட்டினார்.

இருபத்தைந்தாம் தேதி மத்தியானம் நான் சந்தைக்குப் போய்த் திரும்பினால், டிஷ் எவர்சில்வர் குண்டா மாதிரி மின்னுகிறது. ரிக்குக்கு அடித்து மிச்சமிருந்த டப்பாவைக் காலி செய்திருந்தார். நடு மூடியைக்கூட விட்டுவைக்கவில்லை.

"ஏனுங்க, நாஞ் சொன்னது காதுல உழுவலையா?"

"நாளைக்கு ஒறம்பரையெல்லாம் டிவி பாக்க வருது புள்ள. மூளியா நின்னா நல்லாவா இருக்குது?"

டிவியைப் போட்டேன். வெறும் புள்ளியும் இரைச்சலும்தான். இவர் பதறிப்போய் மூடியைத் தின்னர் ஊற்றித் துடைத்தார். பெயிண்டோடு மூடியும் இளகி, உள்ளே அமுங்கிவிட்டது. ஆள் விட்டு அழைத்துவந்த குழந்தைவேல் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வேறு மூடி மெட்ராஸிலிருந்துதான் வரவேண்டும் என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

மறுநாள் காலையில் வந்த சொந்தக்காரர்கள் காப்பி குடித்துவிட்டு, டிஷ் அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒரு வாரம் கழித்துத் தமயந்தி வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை.

"பாத்தீங்களாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "ஜம்முன்னு தெரிஞ்சுது சாமி."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அம்மா பாக்கறாங்கன்னு நெனச்சுட்டேதான் நடந்தேனுங்க. பயமே இல்லை."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "இல்ல கண்ணு. நாங்க பாக்கவே இல்ல," என்றேன்.

அவள் பையைக் கீழே வைத்தாள். இவர்தான் சமாதானம் சொன்னார், அடுத்த வருஷம் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று.

"இந்த வருசத்தோட காலேஜ் முடியுதுங்கப்பா," என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.