காத்திருப்போர் கணக்கு

வரிசையில் நிற்பவர்களைப் பற்றி இருபது வருடம் ஆராய்ச்சி செய்த பேராசிரியருக்கு ஒரே ஒரு ஏக்கம். ஒருநாளாவது மனைவி தன்னை வாயைப் பிளந்துகொண்டு பார்க்க வேண்டும். கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் அன்றைக்கு அவர் தலையில் முடி இருந்தது.

நூலக மாடியில் மாதக் கடைசி சனிக்கிழமை நடக்கும் பொது அறிவியல் உரைக்கு அழைப்பு வந்ததும், இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் வாய்க்காது என்று முடிவு கட்டினார். மனைவி மருத்துவமனையில் தலைமை நர்ஸ். உரை சாயங்காலம்; அன்று ராத்திரி ஏழு மணிக்குத்தான் அவளுக்கு டூட்டி. சாக்குச் சொல்ல வழியில்லை.

இந்த மாதிரி உரைகளில் பேச்சாளர்களை ஒரு பயம் பிடித்து ஆட்டும். பேசி முடித்து "கேள்வி ஏதாவது இருக்கா?" என்றதும் அரங்கம் மயான அமைதியில் ஆழ்ந்துவிடும். அதனால் தெரிந்த ஆளிடம் முன்கூட்டியே ஒரு கேள்வியைக் கொடுத்து வைப்பது தொழில் ரகசியம். பேராசிரியர் மச்சினனைப் பிடித்தார். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் வடிகட்டி விற்பவன். கூச்சம் மருந்துக்கும் கிடையாது.

"'இது ஆஸ்பத்திரிக்கு உதவுமா?'ன்னு கேளு. அவ்வளவுதான்."

"உதவுமா மாமா?"

"அதை அங்க வந்து கேளுடா."

பதிலுக்காகத் திரையில் காட்ட வேண்டிய படம், 'நன்றி' என்று போட்ட கடைசிப் படத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. கேள்வி வந்ததும் நெற்றியைத் தடவி யோசித்துவிட்டு, தற்செயலாகக் கிடைத்ததுபோல் அதைத் திறக்க வேண்டும். நெற்றி தடவுவதை மட்டும் கண்ணாடி முன்னால் நான்கு தடவை ஒத்திகை பார்த்தார் மகானுபாவர்.

நாற்பது நாற்காலிக்கு இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள். அதில் நான்கு பேர் ஏசிக்காக வந்தவர்கள். எப்படியோ பேச்சு தடங்கலில்லாமல் முடிந்தது. மச்சினன் எழுந்து கணீரென்று கேட்டான். அவர் நெற்றியைத் தடவினார். திரையில் ஒரு கோடு படுத்தபடியே போய், கடைசியில் விருட்டென்று எழுந்து நின்றது.

"வார்டுல கட்டில் ஓரளவு காலியா இருக்கிற வரைக்கும் பிரச்சினை இல்லை. கிட்டத்தட்ட நிறைஞ்சதுக்கப்புறம் காத்திருக்கிற நேரம் கிடுகிடுன்னு ஏறிடும்."

சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். அவள் வாயைப் பிளக்கவில்லை. கையைத் தூக்கியிருந்தாள்.

"ஒரு நோயாளி கட்டிலைக் காலி பண்ண எவ்வளவு நாள் ஆகும்னு இதுல எப்படிப் போட்டிருக்கீங்க?"

"சராசரிதான். கூட்டம் இருந்தாலும் இல்லாட்டியும் ஒரே அளவு."

"அப்படி இருக்காதே. கூட்டம் ஏற ஏற எங்க கை வேகமாகும். டாக்டரும் ஒருநாள் முன்னாடியே வீட்டுக்கு அனுப்பிடுவார். அதுல சில பேர் ரெண்டே நாள்ல திரும்பி வந்து நிப்பாங்க. உங்க கோட்டுல அவங்க எங்க?"

பேராசிரியர் திரும்பிக் கோட்டைப் பார்த்தார். அவர்கள் அதில் இல்லை. அவருடைய பதினேழு கட்டுரைகளிலும் ஒருத்தர்கூடத் திரும்பி வந்ததில்லை. போனவர் போனவர்தான்.

"இதை யாரும் எனக்குச் சொன்னதில்லையே," என்றார்.

"சாப்பிட உக்கார்றப்பல்லாம் நான் இதைத்தானே சொல்லிட்டிருக்கேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. அவள் வார்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அலுப்பில் புலம்புகிறாள் என்றுதான் நினைத்திருந்தார். 'ம்' போட்டபடி மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். அதுவும் தப்புக் கணக்கு. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மேடைக்கு வந்து எல்லாருக்கும் சொல்றியா?"

அவள் மணியைப் பார்த்துவிட்டுக் கைப்பையை எடுத்தாள். "நேரமாச்சு, கிளம்பணும். வீட்ல வந்து சொல்றேன், நீங்க கேக்கறதா இருந்தா."

கதவருகே போனவளைப் பார்த்து மைக்கிலேயே கேட்டார், "டூட்டி முடிஞ்சு எத்தனை மணிக்கு வருவே?"

கூட்டம் சிரித்தது. மச்சினன் கைதட்டினான். பேராசிரியர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. இத்தனை வருடத்தில் அது அவருக்கு உண்மையாகவே தெரியாது.