வெள்ளித்தாள் மாத்திரை

என்னைப் போல ஒரு மடச்சி ஓசூர் சிப்காட்டில் இன்னொருத்தி இருந்திருக்க மாட்டாள். இதை நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.

எண்பத்தேழில் நான் ஒரு மாத்திரை கம்பெனியில் பேக்கிங் லைனில் இருந்தேன். காலையில் வெள்ளித்தாள் ஓடும். பத்துப் பத்தாக வலிப்பு மாத்திரை உட்கார்ந்து, மேலே சிவப்பு எழுத்தில் பேர் அச்சாகி வெளியே வரும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதே டிரம்மிலிருந்து அதே மாத்திரையை ஆயிரம் ஆயிரமாக வெள்ளை டப்பாவில் கொட்டி மூடுவோம். அது கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போகிற சரக்கு. டிரம் மாறாது, மாத்திரை மாறாது, நாங்கள் போட்டிருக்கும் கையுறைகூட மாறாது. இதை என் இரண்டு கண்ணாலும் தினமும் பார்த்தேன். பார்த்து என்ன பிரயோஜனம்?

என் அண்ணன் ஆஞ்சப்பனுக்கு வலிப்பு வரும். எங்கள் ஊர் தொரப்பள்ளியில் அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலை. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் பொட்டலம் கட்டிக் கொடுத்த மாத்திரையைக் காலையும் ராத்திரியும் விழுங்கிக்கொண்டு, இரண்டு வருஷமாக ஒரு தடவைகூட விழாமல் நன்றாகத்தான் இருந்தார். அது எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் அவரோடு நானும் மருந்து வாங்கப் போனேன். வரிசையில் நின்ற அண்ணனைப் பார்த்து மருந்து கொடுக்கிறவன், "ஏய், தள்ளி நில்லுய்யா" என்று நாயை விரட்டுவது போல விரட்டினான். எனக்குச் சுருக்கென்றது. இருந்த ஆட்டையெல்லாம் விற்று என்னைப் பத்தாவது வரை படிக்க வைத்த மனுஷன். அந்தப் படிப்புதான் எனக்குக் கம்பெனி வேலை வாங்கிக் கொடுத்தது. அவர் ஓசிப் பொட்டலத்துக்குக் கையேந்தி நிற்பதா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஓசூரில் பெரிய டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்ததும் சுவரில் ஒரு கடிகாரம். அதன் முகத்தில் எங்கள் வெள்ளித்தாள் மாத்திரையின் பேர். மேஜைமேல் காலண்டர், பேனா ஸ்டாண்டு, அதிலும் அதே பேர். இதையெல்லாம் டாக்டர்களுக்குக் கொடுக்க, மருந்து எழுதச் சொல்லிச் சுற்றுகிற கம்பெனி ரெப்புகள் எடுத்துப் போவார்கள். எங்கள் குடோனிலிருந்து பெட்டி பெட்டியாக ஏற்றிவிடுவதே நாங்கள்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியாண்ணா, எங்க கம்பெனி!" என்றேன். டாக்டர் கன்னடக்காரர். பொட்டலத்தைத் திறந்துகூடப் பார்க்காமல், "இது பேடம்மா, வேணாம்" என்று ஒதுக்கிவிட்டு, கடிகாரத்தில் இருந்த பேரையே சீட்டில் எழுதினார்.

ஒரு மாச மாத்திரைக்கு என் ஒரு வாரச் சம்பளம் போனது. அண்ணன் மெடிக்கல் ஷாப் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏம் பாப்பா, இத்தினியூண்டு மாத்திரைக்கா இவ்ளோ துட்டு?"

"நல்ல மாத்திரைன்னா அப்படித்தான்."

அண்ணன் வீட்டுக்கு வந்ததும் வெள்ளித்தாளிலிருந்து ஒன்று, பொட்டலத்திலிருந்து ஒன்று எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்குது பாப்பா. நடுவுல இருக்கற கோடுகூட அப்படியே இருக்குது."

"கம்பெனில வேல செய்யறது நீயா நானா? வாய மூடிட்டு முழுங்கு."

"சரிங்க மேடம்" என்று சிரித்துவிட்டு விழுங்கினார். பொட்டலத்தை நானே எடுத்துப் போய் எருக்குழியில் கொட்டினேன். இந்தக் கை விளங்குமா?

என்னோடு லைனில் நிற்கிற சாந்தம்மா இதைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏண்டி, நம்ம டிரம்முல இருக்கறது என்னன்னு உனக்குத் தெரியாதா? டாக்டர் ரூம் கடிகாரத்துக்கும், ரெப்பு ஓட்டற ஸ்கூட்டருக்கும், செவப்பு எழுத்துக்கும் சேத்து நீ துட்டு கட்டற."

"எங்க அண்ணனுக்கு நான் செய்யறேன். உனக்கேன் வயித்தெரிச்சல்?" என்று எரிந்து விழுந்தேன். நாலு நாள் அவளோடு பேசவில்லை. அவள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. அதை ஒத்துக்கொண்டால் அண்ணனுக்கு நான் செய்தது வெறும் காகிதம் வாங்கிக் கொடுத்தது என்று ஆகிவிடும். அதற்கு என் வறட்டுக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

மாசாமாசம் முதல் ஞாயிற்றுக்கிழமை மாத்திரையோடு தொரப்பள்ளிக்குப் போவேன். "வேளாவேளைக்கு முழுங்கறியாண்ணா?" என்றால், "ஆமா பாப்பா, உன் மாத்திரையில நல்லாத்தான் இருக்கறேன்" என்பார். நாலாவது மாசம், "இந்தத் தடவ வாங்காத, இன்னும் கெடக்குது" என்றார். காலையிலிருந்து சாயங்காலம் வரை மாத்திரையை எண்ணுகிறவள் நான். எப்படி மிச்சமானது என்று கேட்கத் தோன்றவில்லை. "கம்முனு இரு" என்று அதட்டிவிட்டு மறுபடியும் வாங்கிக் கொடுத்தேன்.

ஆடி மாசம். காலையில் தக்காளிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் வலிப்பு வந்து வாய்க்காலில் முகம் குப்புற விழுந்துவிட்டார். பக்கத்தில் ஆள் இல்லை. கணுக்கால் அளவு தண்ணீர். அதில் போய்விட்டார் என் அண்ணன்.

காரியம் முடிந்த அன்று அண்ணி மாரம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து அவருடைய வேட்டியை எடுத்தாள். அடியில் வெள்ளித்தாள் பளபளத்தது. பாதி பிரித்த அட்டைகள், பிரிக்காத அட்டைகள்.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் முழுங்குனாரு பாப்பா" என்றாள் அண்ணி. "புள்ள வாயக் கட்டி வயித்தக் கட்டி வாங்கியாறா, இழுத்துப் புடிச்சு ஓட்டலாம்னாரு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

ஓசிப் பொட்டலமாக இருந்திருந்தால் யாருக்காகவும் மிச்சம் பிடித்திருக்க மாட்டார். வேளை தவறாமல் விழுங்கியிருப்பார். இப்போதும் தோட்டத்தில் மடை திருப்பிக்கொண்டிருப்பார்.

அண்ணி அட்டைகளையெல்லாம் அடுக்கி, பழைய துணியில் முடிந்து என் கையில் கொடுத்தாள். "நீயே எடுத்துட்டுப் போ கண்ணு. வெல ஒசந்த மாத்திர, இங்க கெடந்தா வீணாப் போயிடும். யாருக்காச்சும் ஆவும்."

ரெண்டும் ஒண்ணுதான் அண்ணி என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முடிச்சை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.