அக்தர் மலைப் புறா

மிஸ்பாஹின் மேல் மூன்று புறாக்கள் வந்து உட்கார்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, குழாயில் தண்ணீர் வரும் நாள். மூன்றும் சாம்பல் நிறம், காலில் வளையம் கிடையாது. ஒன்று இடது மார்பில், ஒன்று தோள்பட்டையில், ஒன்று இடுப்பெலும்பின் மேல். விரட்டினால் மாடியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே இடங்களில் வந்து அமர்ந்தன. அம்மான் நகரத்து நதீஃப் மலையில் நாற்பது வருடமாகப் புறா விட்டவர் அவர். எந்தப் பறவை யாருடையது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லுவார். இவை யாருடையவை என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. தொட்டி நிரம்பட்டும், பிறகு பார்க்கலாம் என்றார் மனைவி. பத்தாம் நாள் இருமலில் ரத்தம் வந்தது. மருத்துவமனையில் படம் எடுத்தபோது நுரையீரலில் ஒன்று, எலும்பில் இரண்டு என்று பறவைகள் காட்டிய இடங்களிலேயே இருந்தது. சிலருக்குப் பறவைகள் முன்கூட்டியே வந்துவிடும் என்று மட்டும் டாக்டர் சொன்னார்.

அந்தப் பக்கங்களில் அதன் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'அந்த நோய்' என்பார்கள். இப்போது சொல்லவே தேவையிருக்கவில்லை. பார்த்தவர்களுக்கெல்லாம் புறாக்கள் தெரிந்தன. மருத்துவமனை வராந்தாவில் அதே போல மூன்று பறவைகளோடு உட்கார்ந்திருந்தவர், நதீஃப் மலைக்கு எதிரே இருக்கும் அக்தர் மலையில் புறா விடும் வாசிஃப். மிஸ்பாஹின் ஜென்ம விரோதி. புறாக்காரர்களுக்குள் உறவு என்றால், வழிதவறி வந்த பறவையைப் பிடித்தவன் திருப்பித் தர வேண்டும். பகை என்றால் தரவேண்டியதில்லை. இவர்கள் இருவரும் இருபது வயதிலிருந்தே பகை. கையில் பெட்டைப்புறாவைப் படபடக்க வைத்து எதிராளியின் பறவையைக் கீழே இறக்குவதும், "நானா கூப்பிடல, அதுவா வந்துச்சு" என்று முகம் மாறாமல் சொல்வதும் இருவருக்கும் தண்ணீர்பட்ட பாடு.

நோய் நாலா பக்கமும் போகாமல் இரண்டு மூன்று இடங்களோடு நின்றவர்களுக்காக அங்கே ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. மருந்து எல்லோருக்கும் உண்டு. பாதிப் பேருக்கு மட்டும், அதற்கு மேல், ஒவ்வொரு இடத்தையும் குறிவைத்துக் கதிர் பாய்ச்சுவார்கள். அதனால் ஆயுள் கூடுமா என்பது டாக்டர்களுக்கே தெரியாது; தெரிந்துகொள்ளத்தான் ஆய்வு. யாருக்குக் கதிர் என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். படிவங்களைப் பார்த்துக்கொண்ட செவிலி ருலா எல்லாவற்றையும் நிதானமாக விளக்கினாள்.

"புறாக்காரன் பொய்யன்னு சொல்லி அவன் சாட்சி எந்தக் கோர்ட்டுலயும் செல்லாது மகளே. எங்க கையெழுத்து மட்டும் இங்க செல்லுமா?" என்று கேட்டார் மிஸ்பாஹ்.

"இங்க செல்லும் பெரியப்பா."

"அப்போ அந்த ஆளோட கையெழுத்த ரெண்டு தடவ பாத்துக்கோ" என்றார் வாசிஃப்.

குலுக்கலில் மிஸ்பாஹுக்குக் கதிர் விழுந்தது, வாசிஃபுக்கு மருந்து மட்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அன்று மாலை மிஸ்பாஹ் மாடியில் ஏறி எதிர்மலையைப் பார்த்து வெற்றிச் சீட்டி அடித்தார். பிறகு உடம்பின் அச்சில் வார்த்த படுக்கையில் அசையாமல் படுத்து, மூச்சை அடக்கச் சொன்னபோது அடக்கினார். கதிர் பாயும்போது புறாக்கள் கண்ணை மூடிக்கொண்டன. மூன்று மாதத்தில் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து தெற்கே போயின, திரும்பவில்லை. வாசிஃபின் மேல் இருந்தவற்றில் இரண்டு மருந்தில் மயங்கித் தூங்கின. முதுகெலும்பில் இருந்தது மட்டும் பெருத்துக் கோழி அளவுக்கு வந்தது. அவர் கூனிப்போனார், மாடி ஏற முடியவில்லை. அவருடைய பறவைகள் கூண்டிலேயே கிடந்தன.

எதிர்மலையின் வானம் காலியாக இருப்பதை மிஸ்பாஹ் அப்போதுதான் பார்த்தார். தன் பறவைகளை விட்டார். அவை யாரோடும் கலக்காமல் சுற்றி இறங்கின. அவருக்கு வாசிஃப் சாகக் கூடாது என்றிருந்தது. நேராக ருலாவிடம் போய், தன் சீட்டை வாசிஃபுக்கு மாற்றித் தரச் சொன்னார். மாற்றினால் யாருக்கு எதனால் நன்மை என்பது எவருக்குமே தெரியாமல் போய்விடும், பின்னால் வருகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இது என்றாள் அவள்.

அந்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த வெயிலில், எதிர்மலையில் வாசிஃபை அவர் மகன்கள் நாற்காலியோடு அவர் வீட்டு மாடிக்குத் தூக்கிவந்தார்கள். மிஸ்பாஹ் தன் மாடியில் நின்று, தன்னிடமிருந்த சிறந்த பெட்டைப்புறாவைக் கையில் எடுத்தார். தானிய டப்பாவைக் குலுக்கினார், சீட்டி அடித்தார். வாசிஃபின் முதுகிலிருந்த கனத்த பறவை தலையைத் திருப்பிப் பார்த்தது.

"யோவ் திருடா! வேணாம்யா! அது என் பறவை!" என்று எதிர்மாடியிலிருந்து கத்தினார் வாசிஃப்.

அவர் முதுகிலிருந்து எழுந்து பள்ளத்தாக்கின் மேல் மூன்று சுற்றுச் சுற்றிய அந்தக் கனத்த புறா, மிஸ்பாஹின் முதுகில் வந்து இறங்கியது. அடுத்த மாதப் படத்தில் வாசிஃபின் முதுகெலும்பு சுத்தமாக இருந்தது. மிஸ்பாஹின் முதுகெலும்பில் புதிதாக ஒன்று இருந்தது. எப்படி என்று ருலா கேட்டாள்.

"நானா கூப்பிடல மகளே, அதுவா வந்துச்சு."

வாசிஃபிடம் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. அவருடைய படிவத்தில் காரணம் எழுத வேண்டிய இடம் வெறுமையாகவே இருந்தது. முதுகு நிமிர்ந்ததும் அவர் தன் மலையை இறங்கி எதிர்மலையை ஏறி, வாழ்நாளில் முதல் தடவையாக மிஸ்பாஹின் வாசலில் நின்றார். நாற்பது வருடப் பகையை விட்டுவிடலாம், இன்றோடு உறவு என்றார். எதற்கு வந்திருக்கிறார் என்பது மிஸ்பாஹுக்குப் புரிந்தது. உறவு என்றால் பறவையைத் திருப்பித் தர வேண்டுமே.

"உறவா? உன்கூடவா? போய்யா, காப்பிய குடிச்சிட்டுக் கெளம்பு" என்றார்.

வாசிஃப் கெஞ்சினார், திட்டினார், கடைசியில் காப்பியைக் குடித்தார். அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து சமாதானம் கேட்டார். மிஸ்பாஹ் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மறுத்தார். டாக்டர்கள் அவருக்கு வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு குளிர்காலம் இருந்தார். இரண்டாவதில், பனி விழுந்த வாரத்தில் போய்விட்டார்.

துக்கப் பந்தலில் மூன்று நாளும் வாசிஃப்தான் வந்தவர்களுக்குக் கசப்புக் காப்பி ஊற்றினார். அடுத்த மாதம் மருத்துவமனைக்குப் போனவர், தானே அந்தப் படிவத்தை எடுக்கச் சொன்னார்.

"என் முதுகுல இருந்தது அதுவாத்தான் போச்சு. அவன் கூப்பிடவே இல்ல. எழுதிக்கோம்மா."

ருலா அவர் சொன்னபடியே எழுதினாள், அவர் கையெழுத்துப் போட்டார். மிஸ்பாஹின் முதுகிலிருந்து திரும்பிய அந்தச் சாம்பல் புறா இப்போது வாசிஃபின் அக்தர் மலைக் கூண்டில் இருக்கிறது. யார் மேலும் உட்காருவதில்லை, மற்றவற்றோடு சேர்ந்து தானியம் தின்கிறது.