எவர்சில்வர் முழங்கை

கண்ணுசாமி பஸ் ஓட்டுகிற அழகைப் பார்த்தால், கடவுள் மனுஷனுக்கு இரண்டு கை கொடுத்தது வீண் என்றுதான் தோன்றும். ஸ்டீரிங், கியர் எல்லாம் இடக்கைதான் பார்த்துக்கொள்ளும். வலக்கை ஸ்டீரிங்கைத் தொட்டும் தொடாமலும் இருக்க, அதன் முழங்கை ஜன்னலுக்கு வெளியே சொகுசாகச் சாய்ந்து காற்று வாங்கும். பதினாறு வருஷம் சாய்ந்ததில் ஜன்னல் விளிம்பில் அந்த ஓரிடத்தில் மட்டும் பச்சைப் பெயிண்ட் போய்த் தகரம் பளபளத்தது.

"அண்ணே, கைய உள்ள வைங்கண்ணே" என்று கண்டக்டர் நாகராசு சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டான்.

"ஏன்டா, அது என்ன டிக்கெட் எடுக்காமயா வருது?" என்பார் கண்ணுசாமி. இப்படிப் பேசுகிற ஆளிடம் என்னத்தைச் சொல்ல!

அறுபத்தாறாம் வருஷம், தை மாசக் கடைசி. ஆவுடையார்கோவிலிலிருந்து புதுக்கோட்டைக்கு வரும் காலை டிரிப். பஸ் நிறைய ஜனம், மேலே ஜெகதாப்பட்டினத்து மீன் கூடைகள். டவுனுக்கு இன்னும் நாலு மைல் இருக்கும்போது ஒரு குறுகல் பாலத்தில் எதிரே வைக்கோல் வண்டி வந்தது. அறுப்புக் காலமல்லவா, கோபுரம் மாதிரி பாரம். அந்தப் பாரத்தை இறுக்கிக் கட்டிய மூங்கில் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைக் கண்ணுசாமி பார்த்தார். பார்த்துக் கையை உள்ளே இழுப்பதற்குள் 'சடக்' என்றது.

அப்புறம் வலக்கை அவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மடியில் கிடந்தது, கிடந்தபடி கிடந்தது. கண்ணில் பூச்சி பறந்தது. ஆனால் மனுஷன் வண்டியை நிறுத்தவில்லை.

"டேய் நாகராசு, இங்கிட்டு வா. நான் கிளட்ச்ச மிதிக்கிறேன், நீ கியரப் போடு. ரெண்டு... ம், இப்ப மூணு!"

இடக்கை ஸ்டீரிங்கைப் பிடிக்க, நாகராசு கியர் போட, பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் பஸ் நேரே ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. பிரயாணிகள் ஒருத்தரும் அவரை விட்டுவிட்டுப் போகவில்லை. மீன்காரிகள் கூடையோடு உள்ளே வந்துவிட, "இதென்ன ஆஸ்பத்திரியா, சந்தையா?" என்று நர்சம்மா சத்தம் போட்டதுதான் மிச்சம்.

டாக்டர் ஆதப்பனுக்கு வயசு முப்பத்திரண்டு. மெட்ராஸில் எலும்பு வைத்தியம் படித்துவிட்டு அந்த வருஷம்தான் வந்திருந்தார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு விவரம் சொன்னார்.

"முழங்கை முனையில கொக்கி மாதிரி ஒரு எலும்பு இருக்குங்க. கைய நீட்டுற சதை அதுலதான் வந்து சேருது. அந்தக் கொக்கி துண்டாப் போயி, சதை அதை மேல இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. சும்மா மாவுக்கட்டு போட்டா துண்டு ரெண்டும் சேராது. கை மடங்கும், ஆனா நீட்டித் தள்ள வலு இருக்காது."

"கிளட்ச் கேபிள் அந்து போன மாதிரி?"

"அதேதான். தொறந்து ரெண்டையும் பொருத்தி, ரெண்டு ஊசிக் கம்பி சொருகி, மேல மெல்லிசா எவர்சில்வர் கம்பிய எட்டுப் போட்ட மாதிரி சுத்தி முறுக்கிறணும்."

சேதி கேட்டு ஓடிவந்து, இதுவரை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற சொர்ணவல்லி, கண்ணுசாமியின் மனைவி, சட்டென்று தலை நிமிர்ந்தாள்.

"எவர்சில்வரா டாக்டர்? எங்க வீட்டுல ஒரு டம்ளரு கூட எவர்சில்வர்ல கெடையாதுங்க. இந்த மனுசனுக்கு ஒடம்புக்குள்ளயேவா?"

வலியோடு வலியாகக் கண்ணுசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் கை வலித்து "ஐயோ" என்றார்.

மறுநாள் ஆபரேஷன் ஆயிற்று. பத்தாம் நாள் தையல் பிரித்தபோது டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார்: "இன்னைலேருந்து கைய மடக்கணும், நீட்டணும். தூக்குறது, ஊனுறது மட்டும் வேண்டாம். பயப்படாதீங்க, இந்தக் கட்டோட விசேஷமே அதுதான். மடக்க மடக்க கம்பி ரெண்டு எலும்பையும் இன்னும் இறுக்கிச் சேர்க்கும்."

கண்ணுசாமி தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து வேறு கணக்குப் போட்டார். அங்கேதான் வந்தது வினை.

அவருக்கு எலும்பு தெரியாது, எஞ்சின் தெரியும். எஞ்சினைப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து ரீபோர் பண்ணி மாட்டினால், முதல் ஆயிரம் மைலுக்கு அதை விரட்டக் கூடாது. பின்னால் 'ரன்னிங் இன்' என்று போர்டு மாட்டிக்கொண்டு, மாட்டு வண்டிகூட முந்திப் போகிற மாதிரி பையப் பைய உருட்ட வேண்டும். இது டிரைவர் லைனில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. சாதாரண இரும்புக்கே அந்த மரியாதை என்றால், புதிதாகப் பூட்டிய கைக்கு எவ்வளவு வேண்டும்! டாக்டர் சின்னப் பையன், படிப்பு உண்டு, வண்டி ஓட்டிய அனுபவம் இல்லையே.

ஆகவே கையைத் துண்டில் தொங்கப் போட்டுக் கழுத்தோடு கட்டிக்கொண்டார். விரல்களை மட்டும் காலையும் மாலையும் ஆட்டினார்.

"என்னண்ணே, கை அசையவே காணோம்?" என்று நாகராசு கேட்டபோது, "ஐட்லிங்ல வச்சிருக்கேன்டா. எஞ்சின் ஓடும், வண்டி நகராது" என்றார் பெருமையாக.

சொர்ணவல்லியும் அதை நம்பினாள். சோறு பிசைந்து அவளே ஊட்டினாள். இடக்கையால் சாப்பிடுவதாவது, நாலு பேர் பார்த்தால் என்ன சொல்வார்கள்? அம்மணி உருட்டிக் கொடுக்க, ஐயா வாயைத் திறக்க, ஐந்து வாரம் மாப்பிள்ளை விருந்து மாதிரி ஓடியது. கண்ணுசாமிக்குக் கன்னம்கூடப் பூசினாற்போல ஆகிவிட்டது.

பங்குனி நடுவில் டாக்டரிடம் போய்த் துண்டை அவிழ்த்தார்கள். கை வரவில்லை. மடித்தபடி நின்றது. மேலே இரண்டு விரற்கடை, கீழே இரண்டு விரற்கடை, அதற்குமேல் நகர மாட்டேன் என்றது. கண்ணுசாமி பல்லைக் கடித்து முக்கிப் பார்த்தார். நெற்றியில் வேர்வை வந்ததே தவிர கை வரவில்லை.

ரன்னிங் இன் கதையைக் கேட்டதும் டாக்டர் ஆதப்பனுக்கு வந்ததே கோபம்!

"நல்லாப் பூட்டிக் குடுத்த வண்டிய ஷெட்டுல போட்டுத் துரு ஏத்திட்டு வந்திருக்கீங்களேய்யா! எலும்பு அருமையாச் சேந்திருக்கு. மூட்டு இறுகிப்போச்சு. நான் என்ன சொன்னேன், நீங்க என்ன செஞ்சீங்க?"

"இனி வராதா டாக்டர்?" என்று கேட்டார் கண்ணுசாமி.

"அது ஒங்க கையிலதான் இருக்கு. எண்ணெய் தேச்சு யாரும் முறுக்கி இழுக்கக் கூடாது, அது இன்னும் கெடுக்கும். நீங்களா மடக்கி, நீங்களா நீட்டணும். நாளைக்கு நூறு தடவை. வலிக்கும். வலிச்சாலும் செய்யணும்."

பஸ் முதலாளி ராமசுப்பிரமணியன் செட்டியார் நல்ல மனுஷர், ஆனால் கறார். "பாருப்பா, வைகாசி வரைக்கும்தான் ஆக்டிங் டிரைவர் இருப்பாரு. மோட்டார் இன்ஸ்பெக்டர் ஒன்னய ஓட்டச் சொல்லிப் பாத்து, சரின்னு கையெழுத்துப் போட்டா வண்டி ஒனக்கு. இல்லைன்னா டயர் ஸ்டோர்ல ஒக்காந்துக்க. ஜனங்க உசிரு, நான் வெளையாட முடியாது" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் கண்ணுசாமிக்கு இன்னும் வலித்தது.

டயர் ஸ்டோர்! இருட்டு ரூமில் ரப்பர் வாடையில் உட்கார்ந்து, தன் பஸ்ஸை இன்னொருவன் ஓட்டிப் போவதைக் கேட்டுக்கொண்டிருப்பதா? அன்று வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். ஆர்மோனியத்தின் கட்டையைத் தொடாமலே சுருதியைச் சொல்கிறவர்கள் மாதிரி, தெருவில் போகிற எந்த பஸ்ஸையும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். இப்போது காதைப் பொத்திக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் சொர்ணவல்லி வட்டிலில் சோற்றைப் போட்டு அவர் முன்னால் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். கண்ணுசாமி பழக்கத்தில் வாயைத் திறந்தார்.

"வாய மூடுங்க. இனிமே நான் ஊட்ட மாட்டேன்."

"அப்ப நான் எப்புடித் திங்கிறது?"

"கை வாய்க்கு வந்தா சோறு. வராட்டி மோரு குடிச்சிட்டுப் படுங்க."

"அடிப் பாவி!"

அவர் தலையைக் குனிந்து வட்டிலுக்குப் போகப் பார்த்தார். முதுகைச் சுவரை விட்டு எடுத்தால் வட்டில் உள்ளே போய்விடும் என்றாள். கைக்கும் வாய்க்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. சோற்றை உருட்டி வாய்க்குள் எறிந்து பார்த்தார். ஒன்று மூக்கில் பட்டது, ஒன்று மீசையில் நின்றது, மிச்சம் பக்கத்து வீட்டுக் கோழிக்குப் போயிற்று. அன்று மோர்தான்.

இரண்டாம் நாள் பசியில் கண்ணீர் வர மடக்கினார். அரைச் சாண் ஆயிற்று. நாலாம் நாள் கீழுதடு நாலைந்து பருக்கையை எட்டிப் பிடித்தது. ஒன்பதாம் நாள் ஒரு முழு உருண்டை உள்ளே போனபோது "போயிருச்சு புள்ள, போயிருச்சு!" என்று கத்தினார். மெல்லக்கூட இல்லை, அப்படியே விழுங்கிவிட்டார்.

மடக்குவது வந்துவிட்டது, நீட்டுவது? அதற்கும் சொர்ணவல்லியிடம் வழி இருந்தது. சோறு மடிக்குப் பக்கத்தில், குழம்பும் கறியும் அங்கிட்டு. தினமும் கறிக் கிண்ணம் ஒரு விரற்கடை தள்ளிப் போகும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி என்றால் இரண்டு விரற்கடை.

"கல்நெஞ்சுக்காரி! வாசனை இங்க வருது, கிண்ணம் அறந்தாங்கியில இருக்கு!"

"எட்டி எடுங்க. அது என்ன ஓடியா போவுது?"

உண்மையிலேயே அவளுக்கு நெஞ்சு கல்தான் என்று கண்ணுசாமி நினைத்தார். அவர் வலியில் பல்லைக் கடித்துக் கத்தும்போது கூட அவள் கண் கலங்கி அவர் பார்க்கவில்லை. கிண்ணத்தைத் தள்ளி வைக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

வைகாசியில் டாக்டர் ஆதப்பன் கையை மடக்கி, நீட்டச் சொல்லி, தன் கையைத் தள்ளச் சொல்லிப் பார்த்தார். தள்ளியதில் டாக்டர் ஒரு அடி பின்னால் போனார். "பிரமாதம்! நீட்டுறதுல கடைசிக் கொஞ்சம் வராது, அது போதும். ஆமா, என்ன பயிற்சி செஞ்சீங்க?" என்று கேட்டு, விஷயத்தைச் சொன்னதும் சிரித்த சிரிப்பில் வார்டே திரும்பிப் பார்த்தது. கிறுக்கலாக ஒரு சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தார்.

டெஸ்ட் நாள். சொர்ணவல்லி இன்ஸ்பெக்டர் ஆபீஸ் வாசல் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டாள். கண்ணுசாமி முழுக்கைக் காக்கிச் சட்டை போட்டிருந்தார். பக்கத்தில் இன்ஸ்பெக்டர், சிரிக்கத் தெரியாத முகம். பின்னால் செட்டியாரும் நாகராசுவும். பஸ் திருமயம் ரோட்டில் போயிற்று.

கண்ணுசாமியின் நினைவெல்லாம் வலக்கையிலேயே இருந்தது. வலது பக்கம் திரும்பக் கையை வெளியே நீட்டும்போது, முழுக்க நேராக வரவில்லையே, கண்டுபிடித்துவிடுவாரோ என்று ஓரக்கண்ணால் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். சட்டைக் கை நேராகத்தான் தெரிந்தது, உள்ளே இருந்த கைதான் கொஞ்சம் கோணல். ஒவ்வொரு தடவையும் இன்ஸ்பெக்டர் காகிதத்தில் ஏதோ எழுதினார்.

கண்மாய்க்கரை வளைவில் திரும்பியதுதான் தாமதம், கரை மேலிருந்து ஒரு மந்தை ஆடு சரசரவென்று ரோட்டில் இறங்கிவிட்டது. நடுவே ஆட்டுக்காரக் கிழவர், முதுகு இந்தப் பக்கம்.

பிரேக்கில் கால் போனது, இரண்டு கையும் ஸ்டீரிங்கைச் சுழற்றியது. முழுச் சுற்று இந்தப் பக்கம், உடனே முழுச் சுற்று அந்தப் பக்கம். பஸ் கிழவரைச் சுற்றிப் புழுதிக்குள் இறங்கி, கண்மாய்ச் சரிவுக்கு ஒரு முழம் இருக்க நின்றது. ஆடுகள் தம் பாட்டுக்குப் போயின. கிழவர் திரும்பிப் பார்த்து, "ஆரன் அடிக்கக் கூடாதாப்பா?" என்று ஒரு அதட்டுப் போட்டுவிட்டு நடந்தார்.

இன்ஸ்பெக்டர் கீழே விழுந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். சர்டிபிகேட்டைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"டிரைவரே, இந்த டாக்டர் எழுத்து ஒரு எழவும் புரியல. எந்தக் கை ஒடஞ்சது ஒங்களுக்கு?"

கண்ணுசாமி வாயைத் திறந்தார். ஸ்டீரிங் மேல் இருந்த இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு பக்கச் சட்டையை மேலே தள்ளினார், அப்புறம்தான் தழும்பு தெரிந்தது.

"இது... இதுதான் சார்."

இன்ஸ்பெக்டர் குனிந்து தழும்பைப் பார்த்தார். பேனா மூடியைக் கழற்றிக் கையெழுத்துப் போட்டார்.

ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியிலிருந்து சொர்ணவல்லி ஓடி வந்தாள். "என்னங்க ஆச்சு? என்ன சொன்னாரு?"

"எந்தக் கை ஒடஞ்சதுன்னு கேட்டாரு புள்ள. எனக்குச் சட்டுன்னு சொல்லத் தெரியல."

சொர்ணவல்லி அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த இடத்திலேயே, அத்தனை ஜனங்களுக்கு நடுவே, தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.